ரீசேட்டில் நான் எழுதிக் கொடுத்த சொல்

ஆறு வருடம் நான் ஒரு சோக்கா டி.ஜே. குழுவில் பாதி ஆளாக இருந்தேன். மற்றப் பாதி, மேற்கிந்தியத் தீவுகளின் ட்ரினிடாட்டில் பிறந்து மெல்பனுக்கு வந்து சேர்ந்த ஒருவன். குழு என்றதும் பெரிய பட்டாளம் என்று நினைத்துவிடாதீர்கள். அவன், நான், என்னுடைய பழைய வெள்ளை வான் வண்டி, வானுக்குள் நான்கு ஸ்பீக்கர். அவ்வளவுதான். இப்போது அந்தக் குழு இல்லை. ஏன் விட்டீர்கள் என்று கேட்கிறவர்களிடம், "ரெண்டு பேருக்கும் நேரமில்லை" என்று சொல்லிச் சமாளித்து வந்திருக்கிறேன். சுத்தப் பொய். எல்லாம் என் வாய் செய்த வேலை.

டண்டினொங்கில் ஒரு வெயார்ஹவுஸில் இரண்டு பேரும் பெட்டி கட்டினோம். அவன் எதிர் மேசை. போனை ஒரு வெற்றுத் தகரப் பேணிக்குள் வைத்து, சத்தத்தைக் கூட்டி, தன் ஊர்ப் பாட்டுகளைப் போடுவான். சோக்கா அவர்களுடைய திருவிழாப் பாட்டு. கேட்டால் கால் சும்மா நிற்காது. இலங்கையில் கலியாண வீடுகளில் பைலாப் பாட்டுக்கு ஆடி வளர்ந்தவன் நான். மூன்றாம் நாளே டேப்பும் கையுமாக ஆடிக்கொண்டு பெட்டி கட்டினேன். சுப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு, வேலை நடக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அப்படித்தான் தொடங்கினோம். முதலில் அவனுடைய ஆட்களின் கிரிக்கெட் கிளப்பில் ஞாயிற்றுக்கிழமை பாபகியூ. பிறகு பூங்காவில் ஒரு பிக்னிக். அவன் மைக்கைப் பிடிப்பான், நான் பாட்டுகளைக் கலப்பேன். அவன் பேசியதெல்லாம் ஆங்கிலம். இங்கே என் தமிழில் தருகிறேன்.

முதல் தமிழ் நிகழ்ச்சி ஓர் ஐம்பதாவது பிறந்தநாள். மண்டபத்தில் வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது பிறந்தநாள்காரரின் அக்கா வடைத் தட்டோடு வந்தார்.

"தம்பி, ஆர் இந்தக் கறுவல்?"

"எங்கட கறுவல்தான் அன்ரி. நல்ல பெடியன்."

"வடை தின்னுமோ?"

"ஓம், ஓம். குடுங்கோ."

தின்னுமோ என்று கேட்டார், ஆட்டைக் கேட்கிற மாதிரி. நான் அதையும் திருத்தவில்லை. அவன் இரண்டு வடை எடுத்து, அன்ரிக்குத் தலை குனிந்து நன்றி சொன்னான்.

திரும்பி வரும்போது வானுக்குள் கேட்டான். "கறுவல் எண்டா என்ன? நீங்கள் ரெண்டு பேரும் என்னைப் பாத்துச் சொன்னனீங்கள்."

பாட்டிலே ஒரு சின்ன மணிச் சத்தம் தப்பினாலும் பிடித்துவிடுகிற காது அவனுக்கு. அந்தக் காதை நான் மறந்துபோனேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். "மன்னிச்சுக்கொள் புறோ, எங்கட சனம் யோசிக்காமல் சொல்லுற சொல்" என்று ஒரு வரி போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நெருக்கமான ஆளை அப்பிடிச் சொல்லுவம். எங்கட ஆள் எண்டு அர்த்தம்" என்றேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, கண் இமைக்காமல். அவன் அந்தச் சொல்லை நாலைந்து தரம் சொல்லிப் பார்த்து, றகரத்தைக்கூடச் சரியாகப் பிடித்துவிட்டான்.

அடுத்த நிகழ்ச்சியிலேயே அது மைக்கில் வந்தது. எங்களுக்குத் தொழிலில் ஒரு சிக்கல் இருந்தது. பைலா ஆறு எண்ணிக்கை, சோக்கா நாலு. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும்போது ஆடுகிறவர்களின் கால் தடுக்கும், சனம் கதிரைக்குப் போய்விடும். அன்றைக்கு நான் பைலாவை வெட்டிய இடத்தில் அவன் மைக்கை எடுத்து, "நான் உங்கட கறுவல்!" என்றான். மண்டபம் வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் நான் சோக்காவை இறக்கினேன். ஒருவரும் உட்காரவில்லை.

அதோடு எங்களுக்கு வழி திறந்தது. நான் பாட்டை நிறுத்துவேன், அவன் என்னிடம் கற்ற தமிழில் "எங்கட?" என்பான், முந்நூறு பேர் "கறுவல்!" என்று கத்துவார்கள், சோக்கா விழும். அவன் சொல்கிறபடி அன்ரிமார் கடதாசித் துண்டைத் தலைக்கு மேலே சுழற்றுவார்கள், அங்கிள்மார் கோட்டைக் கழற்றிச் சுழற்றுவார்கள். பெண் பிள்ளைகளின் சாமத்திய வீடு, ரிசெப்ஷன், பழைய மாணவர் ஒன்றுகூடல், ஒன்றும் தப்பவில்லை. சிட்னியிலிருந்துகூடக் கூப்பிட்டார்கள். கூப்பிடுகிறவர்கள் குழுவின் பெயரைச் சொல்வதில்லை. "அந்தக் கறுவல் டி.ஜே. தானே?" என்பார்கள். நானும் "ஓம், அதுதான்" என்பேன்.

எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொள்வேன். வீட்டில் சொந்தப் பிள்ளையைக்கூடச் செல்லமாகக் கறுவல் என்கிறோம்தானே, இதில் என்ன என்று. சரி, என்னையும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அப்போது எனக்கு அது செல்லமாகவா இருந்தது? வகுப்புப் படம் எடுக்கிற நாளில் வீட்டிலிருந்து பவுடரை எடுத்துக் கழுத்து வரைக்கும் அப்பிக்கொண்டு போனவன் நான். அந்தச் சொல் எங்கே குத்தும் என்று எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? தெரிந்தே செய்தேன். வெட்கம் கெட்டவன்.

மனைவி எத்தனை தரம் சொன்னாள். "அந்தப் பெடியன் பாவம், வாய் நிறைய உங்களை அண்ணன் தம்பி எண்டு சொல்லித் திரியுது. சொல்லிப் போடுங்கோப்பா." சொல்கிறேன் என்பேன். இந்த நிகழ்ச்சி முடியட்டும், அடுத்தது முடியட்டும். ஆறு வருடம் முடிந்தது.

அதற்கிடையில் அவன் குழுவுக்கென்று ரீசேட் அச்சடித்தான். நெஞ்சிலே அந்தச் சொல் தமிழில் வர வேண்டுமாம். "உன்ர கையெழுத்தில எழுதித் தா" என்று ஒரு வெள்ளைத் தாளை நீட்டினான். அப்போதாவது என் கை நின்றதா? தடித்த பேனையால் நான்கு எழுத்தையும் அழகாக எழுதிக் கொடுத்தேன். புள்ளி சரியான இடத்தில் இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். தூ.

போன வருடம் பொயிண்ட் குக்கிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். தமிழ்நாட்டுக்காரர். கணவருக்கு நாற்பதாவது பிறந்தநாள், எங்களைப் பற்றிக் கேள்விப்பட்டாராம், நேரில் பேச வேண்டும் என்றார். அந்த ஞாயிறு அவர் குடும்பத்தோடு த பேசின் என்கிற இடத்திலுள்ள பிள்ளையார் கோயிலுக்கு வருவதாகச் சொல்ல, அங்கேயே சந்திப்போம் என்றேன். அவன் தானும் வருகிறேன் என்றான். காலையில் டண்டினொங்கில் அவனை ஏற்றப் போனால், அந்த ரீசேட்டோடு நிற்கிறான். தமிழ்க் கோயிலுக்குப் போகிறோம், தமிழ் எழுத்து போட்டுக்கொண்டு போவதுதான் மரியாதை என்று தோய்த்து அயன் பண்ணிப் போட்டிருக்கிறான். குளிருது, மேலே ஏதாவது போடு என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

கோயிலில் அவன் செருப்பைக் கழற்றி, வரிசையில் நின்று, கும்பிட்டு, விபூதியும் பூசிக்கொண்டான். எங்கள் சனம் அவன் நெஞ்சை வாசித்துவிட்டு முகத்தைத் திருப்பிச் சிரித்தது. சிலர் அவனோடு நின்று படம் எடுத்தார்கள். அன்னதானம் முடிந்து வெளியே வந்தபோது அந்தப் பெண் வந்தார். வணக்கம் சொல்லி, ரீசேட்டைப் பார்த்தவர் சிரிக்கவில்லை.

அவனிடம் ஆங்கிலத்தில் கேட்டார், இதை யார் எழுதிக் கொடுத்தது என்று. அவன் என் தோளில் கையைப் போட்டு, "என்ர சகோதரன்" என்றான்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்களா எழுதிக் குடுத்தீங்க?"

"ஓம்."

"இதுக்கு அர்த்தம் அவருக்குத் தெரியுமா?"

நான் பொக்கற்றுக்குள் வான் சாவியைத் தேடினேன்.

"எனக்கு ஆபீஸ்ல சிலோன் ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க. அவங்க யாரை இப்படிச் சொல்வாங்கன்னு தெரியும். நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க. சொல்லிட்டு, அப்புறம் வேணும்னா எனக்குப் போன் பண்ணுங்க." அவனுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போய்விட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது எனக்கு.

வானுக்குப் பக்கத்தில் அவன் கேட்டான். "அவ என்ன சொன்னவ?"

சொன்னேன். சுற்றி வளைத்து, மென்று விழுங்கி, ஆனால் சொன்னேன். நிறத்தைச் சொல்லி ஆளைக் கூப்பிடுகிற சொல் என்றேன். அன்றைக்கு வானுக்குள் நான் சொன்னது பொய் என்றேன். அவன் சத்தம் போடுவான், அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப சனம் சிரிச்சது?"

"ஓம்."

"எல்லாருக்கும் தெரியுமோ? சின்னப் பிள்ளையளுக்கும்?"

"ஓம்."

"நீ எனக்குப் பின்னால நிண்டு ஒவ்வொரு தரமும் பாட்டை நிப்பாட்டினனீ."

அவன் தன் போனை எடுத்து எதையோ அழுத்தினான். என் பொக்கற்றுக்குள் போன் அடித்தது. "எடுத்துக் காட்டு" என்றான். அவனை அதில் என்ன பெயரில் பதிந்து வைத்திருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தர மாட்டேன் என்று சொல்கிற துணிவும் இல்லை. எடுத்து நீட்டினேன்.

தமிழ் வாசிக்கத் தெரியாத அவனுக்கு ஒரேயொரு சொல் தெரியும். ரீசேட்டின் முன்பக்கத்தை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, என் போன் திரையை அதற்குப் பக்கத்தில் வைத்தான். முதல் எழுத்து, இரண்டாவது, மூன்றாவது, கடைசியில் புள்ளி வைத்த எழுத்து. விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். பிறகு போனைத் திருப்பித் தந்தான்.

"மாத்திறன் புறோ, இந்தா, இப்பவே மாத்திறன்" என்று அவசர அவசரமாக அந்த நான்கு எழுத்தையும் அழித்தேன். அழித்த இடத்தில் விரல் நின்றுவிட்டது. ஆறு வருடம் நேரில் புறோ, வீட்டில் கறுவல், விளம்பரத்தில் குழுவின் பெயர். அவனுடைய சொந்தப் பெயரை நான் ஒரு நாளும் எழுதியதில்லை. எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"உன்ர பேருக்கு என்ன எழுத்துப் புறோ?" என்று கேட்டேன்.

அவன், கவுண்டரில் முன்பின் தெரியாத ஒருவருக்குச் சொல்வதைப் போல, ஒவ்வோர் எழுத்தாக இடைவெளி விட்டுச் சொன்னான். மூன்றாவதை நான் பிழையாக அடித்துவிட்டேன். அவன் அதை இன்னொரு தரம் சொன்னான்.