வறடிக்கல்லுக்குப் போகும் வழியில்

மாதேஷின் கனவில் ரிக் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். குழாய் இறங்க இறங்க வெள்ளைப் புழுதிதான் பீய்ச்சியடிக்கும், ஈரமே வராது. விழித்த பிறகும் அந்தப் புழுதி கண்ணுக்குள் கொஞ்ச நேரம் மிதக்கும்.

ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு போர் லாரிக்கு அவன் டிரைவர். மாதக்கணக்கில் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம். நோம்பி, திருவிழாவுக்கு மட்டும்தான் ஊர். கல்யாணமாகி வருடங்கள் ஓடியும் பிள்ளை இல்லை. அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. மனைவி அன்புச்செல்விக்குத்தான் ஸ்கேன், மாத்திரை, விரதம் எல்லாம். எங்கள் ஊரில் ஆணுக்குச் சர்க்கரை வரும், மூலம் வரும், இந்தக் குறை மட்டும் வரவே வராது! நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

திருச்செங்கோட்டு மலை உச்சியில், விளிம்பை ஒட்டி ஒரு பாறை இருக்கிறது. வறடி என்றால் மலடி; அதனால் வறடிக்கல் என்பார்கள். பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் அதைச் சுற்றுவார்கள். போன ஆடியில் சுற்றும்போது அன்புச்செல்விக்குக் கால் வழுக்கி முழங்கால் கிழிந்தது.

"மனசு சுத்தமில்லாட்டி வழுக்கத்தான் செய்யும்" என்றாள் மாமியார் பொன்னாயி. அன்புச்செல்வி அழவில்லை.

இந்தமுறை ஊர் வந்ததும், கூட ஓட்டும் டிரைவர் சொன்னதைக் கேட்டு, ஈரோட்டில் ஆண்களுக்கான டாக்டரிடம் மாதேஷ் தனியாகப் போனான்.

"உயிரணு ரொம்பக் கம்மியா இருக்குதுங்க தம்பி" என்றார் டாக்டர். "விதைப்பைல ரத்தக்குழாய் பொடைச்சிருக்குது. இஞ்சின் சூடும் ஒரு காரணமா இருக்கலாம். சின்ன ஆபரேசன் பண்ணிப் பார்க்கலாம். சம்சாரத்துக்கிட்டச் சொல்லீருங்க."

வீட்டுக்கு வந்தவன் டாக்டர் சீட்டை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தான். மறுநாள் அமாவாசை. "மறுக்கா ஒருதடவ சுத்தீட்டு வந்தரலாம்" என்று பொன்னாயி மருமகளைக் கிளப்பினாள். மாதேஷும் கூடவே ஏறினான்.

படியெல்லாம் பனிமூட்டம். முன்னால் போகும் இரண்டு பெண்களும் தெரிவார்கள், மறைவார்கள், மறுபடி தெரிவார்கள். கீழே ஊரும் லாரிகளும் இல்லாமல் போயிருந்தன. கனவுக்குள்தான் நடக்கிறோமோ என்று அவனுக்குத் தோன்றியது. பனிக்குள் பாறை கறுப்பாக எழுந்தது. அன்புச்செல்வி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஈரப்பாறையில் கால் வைக்கப் போனாள்.

அவள் கையைப் பிடித்துவிட்டான்.

"வேண்டாம் அம்முணி. அம்மா, கொறை எங்கிட்டத்தானுங்க. டாக்டரு சொல்லீட்டாருங்க. இவகிட்ட ஒண்ணுமில்லீங்க."

பொன்னாயி மகன் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் மெதுவாக மருமகள் முன்னால் உட்கார்ந்தாள். சேலைக்கரையை லேசாக விலக்கி, முழங்கால் தழும்பை விரலால் தொட்டாள்.

"இன்னும் வலிக்குதா சாமி?"

அன்புச்செல்வி அப்போதுதான் அழுதாள்.