குசினிக்குப் போன கட்டை

செற்றியின் பின்பக்கம் முழங்காலிட்டு, பிய்ந்த நூல்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கிறார் ஜவுபர் காக்கா. மேலிருந்து கீழாக நான்கு கோடுகள். "பூனதான். ஆனா குத்தம் பூனைட இல்ல" என்கிறார். வீட்டுக்காரர் வாய் திறக்குமுன்பே காக்காவுக்குக் கோபம் வந்துவிடும்.

கல்முனைக்குடியில் எல்லோருக்கும் அவர் அண்ணன், அதாவது காக்கா. செற்றி போன்ற சாய்விருக்கைகளுக்குத் துணி மாற்றும் குஷன் வேலையை முப்பது வருடமாகச் செய்கிறார். வாய்க்குள் எப்போதும் ஏழெட்டு ஆணிகள் கிடக்கும். ஏச வேண்டுமென்றால் அவற்றை நாக்கால் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொள்வார். ஒருநாளும் விழுங்கியதில்லை.

பூனையை அடித்துத் திருத்த முடியாது என்பது அவர் கட்சி. "நகம் தீட்டாம அது எப்பிடி இரிக்கிற? நீங்க நகம் வெட்டுறல்லையா?" பலகையில் அறைந்து, தும்புக் கயிறு இறுக்கிச் சுற்றிய இடுப்பளவுக் கட்டையொன்றைப் பூனை வளர்க்கும் வீடுகளுக்குச் சும்மாவே செய்து கொடுப்பார். பிறாண்டும் மூலைக்குப் பக்கத்திலேயே அதை வைக்க வேண்டும், ஆடக் கூடாது. அவ்வளவுதான் வைத்தியம்.

அதில்தான் எங்கள் ஊர்க்காரர் அவருடைய வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறார்கள். இங்கே வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். பெண் பிள்ளை உள்ள வீட்டில் ஹோல் என்கிற முன்கூடம் காட்சிக்கு. கயிறு சுற்றிய கட்டை அதில் நின்றால் மரியாதை போய்விடுமாம்! கட்டை சமைக்கிற குசினிக்குப் போகும், பூனை செற்றிக்கு வரும். எனக்கும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. சொன்னதில் பாதியைச் செய்துவிட்டு, முழுப் பழியையும் வாயில்லாத சீவன்மேல் போடுகிற கூட்டம் நாங்கள்.

போன வியாழக்கிழமை அடுத்த வீட்டு றம்ஸியாவின் ஹோலில் நானும் இருந்தேன். அவளுடைய மகள் பஸ்மினாவைப் பேசி முடிக்க மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அந்தச் செற்றிக்கு மூன்றாவது தடவையாகத் துணி மாற்றி முடித்த காக்கா, தான் கொடுத்த கட்டையைத் தேடினார். அது குசினியில் அரிசி வாளிக்குப் பின்னால், ஒரு கீறலும் இல்லாமல் நின்றது.

"ஹோல்ல வைக்கச் சொன்னனே தங்கச்சி!"

"மாப்புள ஊட்டார் என்ன நினைப்பாங்க காக்கா? இனிக் கட்டையும் வேணாம், பூனையும் வேணாம்."

அப்போதுதான் கவனித்தோம். கதவோரத்தில் வாய் கட்டிய சாக்கொன்று நெளிந்து நெளிந்து கத்திக்கொண்டிருந்தது. வாசலில் ஆட்டோ. சம்மாந்துறைப் பக்கம் ஏதாவதொரு அரிசி ஆலையில் கொண்டுபோய் விட ஏற்பாடாம். ஏழு வருடம் கால்மாட்டில் தூங்கிய பூனைக்காக பஸ்மினா அறைக்குள் அழுதுகொண்டிருந்தாள்.

காக்காவின் முகம் கறுத்துப்போனது.

"ஊட்டுல வளந்த சீவன் அங்க என்னத்தத் தின்னும்? ஒங்கட புள்ளயையா முடிக்க வாறாங்க, செற்றியையா?"

றம்ஸியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

காக்கா சாக்கின் முடிச்சை அவிழ்க்கவில்லை. துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலை எடுத்து, முடிச்சுக்குக் கீழே சாக்கைக் குறுக்காக வெட்டினார். பூனை பாய்ந்து பஸ்மினாவின் அறைக்குள் ஓடியது. குசினியிலிருந்து கட்டையைத் தூக்கி வந்து, வாசலில் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுகிற செற்றி மூலையில் நிறுத்தினார். பிறகு, பூனை இனி இதிலேயே நகம் தீட்டட்டும் என்று அந்தச் சாக்கை விரித்து, கட்டையைச் சுற்றிப் போர்த்தி, ஆணி அடிக்கத் தொடங்கினார்.