அண்ணா கழற்றி வைத்த ஏசி

நினைவு மலர்களில் மறைந்தவரைப் பண்பின் சிகரம், பாசத்தின் உறைவிடம் என்றெல்லாம் எழுதுவார்கள். என் அண்ணா அதை வாசித்தால், "ஆரப்பா இந்த ஆள்?" என்று கேட்டிருப்பார். ஆகவே, அவருடைய முப்பத்தோராம் நாளில் இந்த மலரைப் பெறும் உங்களுக்கு, அவர் தம் பழைய காரிலிருந்து ஓர் ஏசியைக் கழற்றியதைப் பற்றியே எழுதுகிறேன். அதைச் சொன்னால் அவரையும் சொன்னதாகும், என்னையும் சொன்னதாகும்.

அண்ணா யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். அவருக்கு ஐந்து வயதாக இருக்கும்போது அப்பாவுக்குக் குளத்தின் கீழ் வயற்காணி கிடைத்து, குடும்பம் ஸ்கந்தபுரத்துக்கு வந்தது. நான் பிறந்தது இங்கேதான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துக் காலமானபின் வயலையும் என்னையும் அண்ணாவே பார்த்தார். என்னைப் படிப்பித்து, கலியாணம் செய்துவைத்து நோர்வேக்கு அனுப்பினார். அவருக்கென்று ஒரு கலியாணம் பேச வேண்டியவள் நான். எனக்கு அது நினைவுக்கு வரவே இல்லை.

கடைசிவரை அவரோடு இருந்தது அப்பாவின் ஏ.40 கார்தான். யுத்த இடப்பெயர்வின்போது அதை விசுவமடுவில் விட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது சில்லும் இருக்கையும் இல்லாமல் பற்றைக்குள் கிடந்தது. உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்து வந்து, மூன்று வருடம் மினக்கெட்டு ஓட வைத்தார். ஊரில் யாருக்கும் அவசரமென்றால் அந்தக் கார்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும்.

எட்டு வருடங்களுக்கு முன் நான் குடும்பத்தோடு வந்திருந்தேன். அண்ணா காரைக் கழுவித் துடைத்து, எங்களை முல்லைத்தீவுக் கடலுக்குக் கூட்டிப் போனார். பாதி வழியில் நான் வாயைத் திறந்தேன்.

"அண்ணா, இதுக்குள்ள அவியுது. பிள்ளையளுக்கு ஏலாது."

"ஓம் பிள்ளை, வெயில் கொஞ்சம் கூடத்தான்" என்றார், வெயிலும் தம் குற்றம்போல.

மறுநாளிலிருந்து நாங்கள் ஏசி வான் பிடித்தோம். அதில் இடமிருந்தும் அண்ணா வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. நோர்வேக்குப் புறப்படும்போது வாசற் படலையில் நின்று, "போட்டு வாறம் அண்ணா" என்றேன். போய் வருகிறோம் என்று எல்லாரும் சொல்வதுதான். போகிறேன் என்று சொல்லக்கூடாதே என்பதற்காகச் சொல்வது. அதை யாரும் வாக்குறுதியாக எடுப்பதில்லை. அண்ணா எடுத்துக்கொண்டார்.

அடுத்த வருடமே அவர் காருக்கு ஏசி பூட்டி, எனக்குத் தொலைபேசியில் சொன்னார். மிச்சக் கதையை அவருடைய நண்பரும் மெக்கானிக்குமான றபீக் நானா செத்த வீட்டுக்கு வந்தபோதுதான் எனக்குச் சொன்னார்.

"நான் சொன்னனான் தங்கச்சி, இந்தச் சின்ன எஞ்சினுக்கு அது பாரமெண்டு. உங்கட அண்ணர் கேட்டாத்தானே. 'அவை வருவினம் நானா, போட்டு வாறம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவள்' எண்டார்."

ஏசி பூட்டிய காரை அண்ணா கண்ணாடிகளை இறக்கிவிட்டுத்தான் ஓட்டினாராம். தனியாளுக்கு எதற்குக் குளிர் என்பாராம். ஆனாலும் அந்தப் பாரத்தையும் ரேடியேற்றருக்குக் காற்றை மறைத்து நின்ற ஏசித் தட்டையும் எஞ்சின் தாங்கவில்லை. ஒருநாள் பிள்ளைப்பேற்று வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிப் போகையில், அக்கராயன் தாண்டியதும் ரேடியேற்றர் கொதித்து நின்றுவிட்டது. பின்னால் வந்த லொறி அவவை ஏற்றிப் போனதால் தாயும் பிள்ளையும் தப்பினார்கள். மறுநாள் காலையிலேயே அண்ணா நானாவின் கராஜுக்குப் போய், "கழட்டுவம்" என்றாராம். அடுத்த கேள்வி, "திருப்பிப் பூட்டேலும்தானே?"

இருவருமாகக் காஸை இறக்கி, பெல்ட்டை எடுத்து, கொம்பிரசரையும் குழாய்களையும் முன் தட்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றியிருக்கிறார்கள். குழாய் வாய்களில் தூசி போகாமல் பொலித்தீன் கட்டினார் அண்ணா. ஆணிகளைப் பால்மா ரின்னில் போட்டு, எது எந்த இடத்துக்குரியது என்று கடதாசித் துண்டில் எழுதி ஒட்டினார். கொம்பிரசரைச் சும்மா வைத்தால் இறுகிப்போகும், இடைக்கிடை கையால் சுற்றிவிட வேண்டும் என்று நானா ஒரு பேச்சுக்குச் சொன்னாராம்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. அவர் அதைக் கழற்றி வைத்திருந்த கடந்த ஐந்து வருடமும் தொலைபேசியில், வேறு கதை இல்லாதபோது, "ஏசி எப்பிடி அண்ணா?" என்று கேட்பேன்.

"அது நல்லாச் சுத்துது பிள்ளை" என்பார்.

அண்ணா பொய் சொல்லாதவர் என்பது உங்களுக்குத் தெரியும். நானா எல்லாம் சொன்னபின், எனக்கு மனம் கசந்தது. என்னைச் சமாளிக்கத்தானே அவர் பொய் சொல்லப் பழகினார் என்று நினைத்தேன்.

பக்கத்து வளவுக் கமலாக்கா என்னைக் கார்க் கொட்டிலுக்குக் கூட்டிப்போய் ஒரு மரப்பெட்டியைக் காட்டினா. "வெள்ளிக்கிழமையில கோயிலுக்குப் போட்டு வந்து, கதிரையைப் போட்டு இதோட இருப்பார். பத்துத்தரம் எண்ணிச் சுத்துவார். என்னண்ணை செய்யிறியள் எண்டால், தங்கச்சியின்ர சாமான் எண்டுவார்."

மூடியைத் திறந்தேன். கொம்பிரசரின் நெற்றியில், சென்ற ஆயுதபூசைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்திருந்தது. பெல்ட் ஓடும் அதன் முன் சில்லைப் பிடித்துத் திருப்பினேன். இறுகாமல் இலேசாகச் சுற்றியது. அவர் பொய் சொல்லவில்லை. நான் அந்தக் கதிரையில் இருந்து அழுதேன்.

கதிரையில் உயிர்பிரிந்திருந்த அண்ணாவை அன்று காலை முதலில் கண்ட கமலாக்காவுக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய அயலவர்களுக்கும், ஐயருக்கும், செத்த வீட்டு நாலு நாளும் கராஜைப் பூட்டிவிட்டு எங்களோடு நின்ற றபீக் நானாவுக்கும் என் நன்றி. கார் நானாவிடமே இருக்கும். அவசரமென்றால் கேளுங்கள், வரும். ஏசியைத் திருப்பிப் பூட்ட வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

நாளை மறுநாள் நான் புறப்படுகிறேன். போட்டு வாறன் என்று சொல்ல அந்தப் படலையில் யாரும் இல்லை.