நல்ல காலுக்கு ஒரு வெள்ளிக் கால்

என் மகளின் முழங்காலை முறித்தவன் நான். எதிரணிக்காரி இல்லை, பந்தும் இல்லை. என் வாய்தான் முறித்தது.

சொல்லிவிடுகிறேன், கேளுங்கள். மகள் ஜெனிற்றா பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புப் படிக்கிறாள். அங்கே உதைபந்தாட்ட அணியில் கோல் அடிப்பவள் அவள்தான். சம்பளத்துக்கு விளையாட வேண்டும் என்பது அவள் ஆசை. கொழும்புக் கழகமொன்றுக்கு விண்ணப்பித்தபோது, தொலைபேசி இலக்கம் கேட்ட இடத்தில் என்னுடையதை எழுதியிருந்தாள். அப்பனை நம்பிய பிள்ளை!

பேசாலைக் கடற்கரையில் நான் படகு எஞ்சின் திருத்துகிறவன். எஞ்சின் பழுதானால் உதிரிப்பாகம் வரும். முழங்காலுக்கு…? இருபத்தைந்து வயதில் அது போய்விட்டால் பிள்ளை என்ன செய்வாள்? இப்படி யோசித்து வியர்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் கழகத்துப் பயிற்சியாளர் அழைத்தார். சனிக்கிழமை அணிக்கு ஆள் எடுக்கிற தெரிவுக்குப் பிள்ளை வரட்டாம்.

எதையும் சொல்லிச் சிரிக்கவைக்கிறவன் என்று ஊரில் என்னைப் பகிடிக்காரன் என்பார்கள். அன்று வாயில் வந்தது பகிடியல்ல.

“பிள்ளைக்கு முழங்கால் சவ்வு கிழிஞ்சு போச்சு, சேர்.”

எந்த முழங்கால் என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்! இடது என்றேன்.

அழைப்பை வைத்த பிறகு பயம் பிடித்தது. ஆண்டவர் என் பொய்யை மெய்யாக்கிவிட்டால்…? அவள் மைதானத்தில் விழும்போதெல்லாம் என் கண் அந்த இடது முழங்காலுக்கே ஓடியது. கடைசியில், சுகம் வேண்டுகிறவர்கள் நேர்த்தி வைப்பதுபோல ஒரு வெள்ளிக் கால் வாங்கி, அதிலும் பார்த்து இடது காலாக வாங்கி, கோயிலில் அந்தோனியார் சுருவத்தின் பாதத்தடியில் தொங்கவிட்டேன். நோகாத காலுக்கு நேர்த்தி வைத்த முதல் மடையன் நானாகத்தான் இருப்பேன்.

யாரும் காணவில்லை என்று நினைத்தேன். கோயில் மூப்பர் கண்டுவிட்டார்; பந்தடிக்கிற பிள்ளைக்குத்தான் நேர்த்தி என்று நினைத்திருக்கிறார். ஞாயிறு பூசை முடிய, எல்லார் முன்னாலும் மகளிடம் கேட்டார்:

“பிள்ளை, இடது முழங்கால் இப்ப சுகமோ?”

அவள் மூப்பரைப் பார்த்தாள். பிறகு என்னை. காத்திருந்தும் வராத கழகத்து அழைப்பு எங்கே போனதென்று அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

வீட்டில் ஒரு கொப்பியைத் திறந்து என் முன்னால் வைத்தாள். ஒரு பக்கத்தில் கழகம், பயிற்சி. மறுபக்கத்தில் உயிரியல், பிறகு இயன்மருத்துவப் படிப்பு. ‘கால் உடைந்தால்’ என்று ஒரு தலைப்பே இருந்தது! நான் நடுங்கியதையெல்லாம் அவள் எப்போதோ ஆறுதலாக இருந்து யோசித்து முடித்திருக்கிறாள். அந்தத் திட்டத்தில் எழுதப்படாத ஒரே விபத்து நான்தான்.

பயிற்சியாளருக்கு அவளே தொலைபேசி எடுத்துக் கதைத்தாள். அடுத்த மாதம் இன்னொரு தெரிவு இருக்கிறதாம்.

“இந்தமுறை என்ர நம்பரைக் குடுத்திருக்கிறன், அப்பா.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் ஒரு பகிடி விட்டுத் தப்பியிருப்பேன்…

இப்போது விடியற்காலையில் கடற்கரை மணலில் ஓடுகிறாள். நேரம் பார்ப்பது என் வேலை. வேகம் கூடியிருக்கிறது; அணிக்கு எடுபடுவாள் என்றே மனம் சொல்கிறது. ஆனால் அந்தச் சனிக்கிழமையை நான் எங்கே போய் வாங்கிக் கொடுப்பேன்?

வெள்ளிக் கால் இன்னும் அங்கேதான் தொங்குகிறது. எடுக்கும்படி அவள் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் நான் முழந்தாளிடும்போது, அது என் முகத்துக்கு நேரே.