நூற்று இருபத்தைந்து மைக்ரோகிராம்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடற்கரைக் கிராமமான புதுமடத்திலிருந்து ஒரு அம்மா எங்கள் கடைக்குத் தைராய்டு மாத்திரை வாங்க வருவார். கடை உச்சிப்புளியில் இருக்கிறது. நான் அங்கே பார்மசிஸ்ட். கடற்கரை முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள். எனக்கு ஊர் கடல் இல்லாத பரமக்குடிப் பக்கம் என்றாலும் நானும் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன். அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் ரியாத்தில் ஏசி மெக்கானிக்.

முதலில் ஐம்பது மைக்ரோகிராம் மாத்திரை வாங்கினார். அடுத்த முறை சீட்டில் எழுபத்தைந்து என்று இருந்தது. அதற்கடுத்து நூறு. நான்காவது முறை நூற்று இருபத்தைந்து. இத்தனை கூட்டியும் அவருடைய சோர்வு குறையவில்லை, எடையும் குறையவில்லை. ராமநாதபுரத்தில் பார்க்கும் டாக்டர் ரத்தப் பரிசோதனை எடுப்பார், பற்றவில்லை என்பார், இருபத்தைந்து கூட்டுவார்.

படிக்கிற காலத்தில் மருந்தளவுக் கணக்கில் நான்தான் வகுப்பில் முதல். குழந்தையின் எடையைச் சொன்னால் சிரப் எத்தனை மில்லி என்று பேனா எடுக்காமல் சொல்வேன். அதனால் இப்படி ஏறிக்கொண்டே போகும் எண்ணைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. நூற்று இருபத்தைந்து டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"லாத்தா, இந்த மாத்திரைய எப்படிச் சாப்பிடுறீங்க?"

"வாயாலதான்" என்றார். கேலி இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார்.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. காலையில் சுபுஹு தொழுகை முடித்ததும் பால் டீ போடுவாராம். முட்டிவலிக்கு வேறொரு டாக்டர் கொடுத்த கால்சியம் மாத்திரையையும் தைராய்டு மாத்திரையையும் ஒன்றாக வாயில் போட்டு டீயைக் குடித்துவிடுவாராம். ஒரே வேலையாக முடிந்துவிடும் இல்லையா என்றார்.

தைராய்டு மாத்திரைக்குத் துணை ஆகாது. வயிற்றுக்குள் கால்சியம் அதைப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் சேர விடாமல் தன்னோடு வெளியே கூட்டிக்கொண்டு போய்விடும். டீயும் தன் பங்குக்குக் கொஞ்சம் தடுக்கும். விழுங்குவது நூற்று இருபத்தைந்தானாலும் உடம்புக்குப் போய்ச் சேர்வது அதில் ஒரு பங்குதான். இதை அவரிடம் எளிமையாகச் சொன்னேன். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் தைராய்டு மாத்திரை. ஒரு மணி நேரம் கழித்து டீ. கால்சியம் மத்தியானச் சாப்பாட்டோடு. டப்பாவின் மேலும் எழுதி ஒட்டினேன். அன்று முழுவதும் என்னைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது.

பொதுவாக நாங்கள் சொல்வதை யாரும் அப்படியே செய்வதில்லை. லாத்தா செய்தார். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் முன்பே எழுந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டார். ஒரு நாள் கூடத் தவறவில்லை.

ஏழாவது வாரம் கடைக்கு வந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. மின்விசிறிக்கு நேரே நின்றும் வேர்த்தது. சீட்டை நீட்டிய கை நடுங்கியது. பக்கத்து கிளினிக்கில் எழுதிக் கொடுத்த சீட்டு அது. நெஞ்சுப் படபடப்பைக் குறைக்கும் மாத்திரை, பத்து நாளைக்கு. நெஞ்சு திடுதிடுவென்று அடிக்கிறது, தூக்கமே இல்லை என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். மூன்று வாரமாக. ஏன் உடனே காட்டவில்லை என்று கேட்டதற்குக் கொஞ்சம் வெட்கப்பட்டார். ஐந்து கிலோ குறைந்திருந்தாராம். வீடியோ காலில் கணவர், கல்யாணத்தப்ப பார்த்த மாதிரி இருக்கே என்று சொன்னாராம்.

கணக்கு அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. அதுவரை பாதி மருந்துதான் உள்ளே போயிருந்தது என்று வைத்துக்கொண்டால், அவரை ஒழுங்காகச் சாப்பிட வைத்ததன் மூலம் நான் ஒரே நாளில் அளவை இரண்டு மடங்காக்கியிருக்கிறேன். டாக்டர் மூன்று மாதத்துக்கு இருபத்தைந்து என்று பார்த்துப் பார்த்து ஏற்றியவர். சாப்பிடும் முறையை மாற்றியதை அவரிடம் சொல்லுங்கள், ஆறு வாரத்தில் பரிசோதனை செய்யுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

முதலாளியைக் கடையின் உள்ளறைக்குக் கூப்பிட்டு விவரத்தைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், பயந்தவர். சீட்டில் இருப்பதைக் கொடுத்து அனுப்பிவிடு, டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள், நமக்கெதற்கு வம்பு என்றார். படபடப்பு மாத்திரை படபடப்பைக் குறைக்கும். படபடப்பை உண்டாக்கும் மாத்திரையை லாத்தா தினமும் காலையில் தண்ணீரோடு விழுங்கிக்கொண்டே இருப்பார். நான் வெளியே வந்து லாத்தாவை நாற்காலியில் உட்காரச் சொன்னேன்.

"லாத்தா, இது என்னால வந்தது" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் முழுவதும் கேட்டார். "நீ சொன்னது தப்பா?"

"சொன்னது சரிதான். பாதியோட நிறுத்தினது தப்பு."

அவர் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். அவர் முன்னாலேயே ராமநாதபுரம் டாக்டருக்குப் போன் போட்டு, சாப்பிடும் முறையை மாற்றச் சொன்னதைச் சொன்னேன். உங்களை யார் அட்வைஸ் பண்ணச் சொன்னது என்று கேட்டார். பிறகு, அந்த அம்மா டீயோடு சாப்பிட்டாரா என்றார். கால்சியத்தோடும் என்றேன். தைராய்டு மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்லுங்கள், இன்றைக்கே ரத்தப் பரிசோதனை எடுத்துக்கொண்டு நேரில் வரச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டார்.

லாத்தாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

"இன்னைக்கு நிறுத்துனா நாளைக்குச் சரியாயிருமா தங்கச்சி?"

ஆகாது என்றேன். இந்த மருந்து உடம்பில் மெதுவாகத்தான் கரையும். ஒரு வாரத்தில் பாதி போகும். அடுத்த வாரம் மீதியில் பாதி. அதற்கடுத்த வாரம் அந்த மீதியில் பாதி.

விரலை மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "எப்பவும் பாதி மிச்சம் இருந்துக்கிட்டே இருக்கே. அப்ப தீரவே தீராதா?"

என் வகுப்பில் ஒருவரும் ஆசிரியரிடம் இதைக் கேட்டதில்லை. கணக்குப்படி தீராது லாத்தா, ஆனால் ஐந்து வாரத்தில் ஒன்றும் இல்லாத மாதிரி ஆகிவிடும் என்றேன். அவருக்கு அது திருப்தியாக இல்லை. ஆட்டோ பிடித்து ராமநாதபுரம் போனார்.

பரிசோதனையில் மருந்து அளவுக்கு மேல் போயிருப்பது தெரிந்தது. டாக்டர் ஒரு வாரம் தைராய்டு மாத்திரை வேண்டாம் என்றார். பிறகு எழுபத்தைந்து. படபடப்பு மாத்திரையைச் சில நாள் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்த வாரங்களில் நான் தினமும் காலையில் போன் செய்தேன். நாடித்துடிப்பை எண்ணச் சொல்லிக்கொடுத்திருந்தேன். நூற்றுப் பத்து என்பார், நூற்று நான்கு என்பார். ஒரு நாள் தொண்ணூற்றாறு என்றபோது நான் கடை அலமாரியில் சாய்ந்து நின்றேன். எண்பதுக்கு வந்த பிறகு, இனிமேல் போன் பண்ணாதே, நான் நல்லா இருக்கேன், சமையல் தீயுது என்று சொல்லிவிட்டார்.

அடுத்த மாத்திரை வாங்க வேண்டிய நாளில் அவர் வரவில்லை. வேறு கடைக்குப் போயிருப்பார், அதுதான் நியாயம் என்று நினைத்துக்கொண்டேன். பத்து நாள் கழித்து வந்தார். கணவர் விடுமுறைக்கு வந்திருந்ததால் நேரம் இல்லையாம். கூடவே இரண்டு பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்திருந்தார்கள். இருவருக்கும் தைராய்டு. இருவரும் டீயோடு சாப்பிடுகிறவர்கள். லாத்தா அவர்களை முன்னால் தள்ளிவிட்டார்.

"முழுசாச் சொல்லு" என்றார்.

முழுதாகச் சொன்னேன். டாக்டரைப் பார்க்காமல் எதையும் மாற்ற வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். அவர்கள் தலையாட்டினார்கள். லாத்தா எழுபத்தைந்து டப்பாவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். போன எடையில் நாலு கிலோ திரும்பிவிட்டது, பழைய நூற்று இருபத்தைந்தில் ஒரு டப்பா கொடுக்க ஏலாதா என்று கேட்டார். ஏலாது என்றேன்.