கிணற்றடியில் சொன்ன கொலைக்கதைகள்

எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த காலம். ஸ்ரீரங்கத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் துணிக்கடையில் வேலை. வீடு திரும்பும்போது வாடகைப் புத்தகக் கடையிலிருந்து துப்பறியும் நாவல் ஒன்று எடுத்து வருவார். முன்னால் படித்த யாராவது, நடுப்பக்கத்திலேயே ஒரு பெயருக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டு 'இவன்தான்' என்று எழுதி வைத்திருப்பார்கள். அப்பா படித்து முடித்ததும் அதை ரப்பரால் அழித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுப்பார்.

பக்கத்து வீட்டு மருமகள் என்னைவிடக் கொஞ்சம் பெரியவர்; அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் முடித்த புத்தகம் அவருக்குப் போகும். அவர் உண்டானதும் மாமியார் தடுத்துவிட்டார். வாயும் வயிறுமாக இருக்கிறவள் கொலைக்கதை படித்தால் பிள்ளைக்கு ஆகாதாம்.

இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு, நடுவில் சுவர். மாமியார் கோயிலுக்குக் கிளம்பியதும் அந்தப் பக்கத்திலிருந்து மெல்லக் குரல் வரும்.

"கிளம்பிட்டாங்க. பிணத்தை எங்கே விட்டே?"

நான் வாளியைக் கிணற்றுக்குள் தொங்கவிட்டபடியே கதையை எடுப்பேன். மூடிய அறை, பாதி எரிந்த சுருட்டு, பொய் சொல்லும் சமையல்காரன். ஒருநாள் மாமியார் பாதி வழியில் திரும்பிவிட்டது எனக்குத் தெரியவில்லை. விஷம் வைத்த இடத்துக்கு வந்து, "நல்லா அரைச்சு, பால்ல கலந்து..." என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எதை என்று மாமியார் குரல் கேட்டது.

"கசகசாவைங்க அத்தை" என்றார் அக்கா, நிதானமாக. கொஞ்சம் குங்குமப்பூவும் சேர்த்தால் நல்லது என்று சொல்லிவிட்டு மாமியார் உள்ளே போனார். சுவருக்கு இரண்டு பக்கமும் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம்.

கடைசி அத்தியாயத்தை மட்டும் அக்கா உடனே சொல்ல விடமாட்டார். ஒரு ராத்திரி யோசிக்க வேண்டும் என்பார். கைரேகை, காலடித் தடம் எதையும் அவர் பொருட்படுத்தியதில்லை. யார் யாரிடம் எப்படிப் பேசினார்கள் என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்பார். அளவுக்கு மீறிப் பணிவாக இருக்கிறவன் மேல்தான் அவருக்குச் சந்தேகம். பல தடவை அது சரியாகவும் இருந்தது. நான் படித்தபோது கிடைக்காத சுவை, அவருக்குச் சொல்லும்போது கிடைத்தது.

மண்ணச்சநல்லூரில் தாய்வீட்டில் பிள்ளை பெற்றுத் திரும்பிய கொஞ்ச நாளிலேயே, ரயில்வேயில் இருந்த அவர் கணவருக்குக் கரக்பூருக்கு மாற்றல் வந்தது. மலை பங்களாவில் செத்துக் கிடந்த ஒரு டாக்டரின் கதையில் அப்போது இருந்தோம். மூட்டை கட்டும் அவசரத்திலும் அதைத் துண்டு துண்டாகக் கேட்டுக்கொண்டார். ஸ்டேஷனில் ஜன்னலோரம் குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். முடிவைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். யாருன்னு யோசிச்சு வைக்கிறேன். வரும்போது சொல்றேன்" என்றார்.

வண்டி கொள்ளிடம் பக்கமாகப் போய் மறைந்தது. மறுநாள் தண்ணீர் இறைக்கப் போனபோது சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் மட்டும் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். கொஞ்ச காலத்தில் அவரும் மகனோடு போய்விட, அந்த வீட்டுக்கு வேறு ஆட்கள் வந்தார்கள்.

எனக்குக் கல்யாணமாகிக் கைலாசபுரம் வந்தேன். துப்பறியும் நாவல் இங்கேயும் கிடைத்தது, படிக்க நேரமும் இருந்தது. முக்கால் புத்தகத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டு, அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பேன். இவரிடம் சொல்லிப் பார்த்தேன். "அப்படியா" என்பார்.

சில வருஷம் கழித்து, ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணத்தில் அக்காவைப் பார்த்தேன். உடம்பு பெருத்திருந்தது. மூத்த பையன் இந்தியில் ஏதோ கேட்டு முந்தானையை இழுத்துக்கொண்டிருந்தான். என் கையைப் பிடித்தவர் பேசி முடிக்கும்வரை விடவில்லை. அரிசி விலை, அங்கே அடிக்கும் குளிர், மாமியாரின் முழங்கால் வலி எல்லாம் பேசினோம். அந்த டாக்டரைக் கொன்றது யார் என்று கேட்க எனக்கு வாய் வரை வந்தது. ஒருவேளை மறந்திருந்தால் என்ற பயத்தில் கேட்கவில்லை. அவரும் என்னையே ஒரு நிமிஷம் பார்த்தார். அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"போயிட்டு வரேன்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில், ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய் என்று இவர் கேட்டார். தலைவலி என்றேன். காற்று வரட்டும் என்று என்னை ஜன்னலோரம் மாறி உட்காரச் சொன்னார்.