பதினாறும் முப்பத்திரண்டும்

1. மூன்றாவது வளைவு

போன வருடம் ஒரு வியாழக்கிழமை காலை, மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்து இருக்க வேண்டும், நான்குதான் இருந்தன. ஒன்றைத் தின்றுவிட்டேனா, தொலைத்துவிட்டேனா என்று யோசிக்கும்போது போன் வந்தது.

"அங்கிள், அந்தக் கார் கேம் ரோசாக் ஆயிடுச்சு. மூணாவது வளைவுல அப்படியே நின்னுடுது."

பேசியவர் செல்வராணி. பத்து காஜா என்ற ஊரில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் பிஸியோதெரபி நிலையம் நடத்துகிறார். நான் ஈப்போ நகரில் முப்பத்து நான்கு வருடம், காசு போட்டு விளையாடும் ஆர்கேட் மெஷின்களைப் பழுது பார்த்தவன். எங்கள் கேம் சென்டர் மூடப்பட்டபோது, உட்கார்ந்து ஓட்டும் ஒரு கார் மெஷினை செல்வராணி வாங்கிக்கொண்டார். அதன் ஸ்டீரிங்கில் ஒரு மோட்டார் உண்டு. தோட்டத்து மண்சாலையில் லோரி ஸ்டீரிங் திமிறுவது போலக் கையை எதிர்த்துத் திமிறும். பக்கவாதம் வந்தவர்களுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை என்பார் செல்வராணி.

நான் போய்ச் சேர்ந்தபோது மெஷின் முன்னால் குணாளன் உட்கார்ந்திருந்தான். ஐம்பத்தேழு வயது. கோப்பெங் பக்கம், முன்பு ரப்பராக இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட தோட்டத்தில் லோரி ஓட்டியவன். இடது கை அவன் சொன்னதைக் கேட்காமல் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. வரும் புதன்கிழமை மருத்துவமனையில் அவனுக்குச் சோதனை. தேறினால், வண்டி ஓட்டலாம் என்று கடிதம் கொடுப்பார்கள். அவன் மனைவி பார்வதிக்கு வாரம் மூன்று நாள் ஈப்போவில் டயாலிசிஸ். இதுவரை பக்கத்து வீட்டுக்காரர் அழைத்துப் போனார். அவர் மாதக் கடைசியில் ஜோகூருக்குக் குடி போகிறார்.

"முப்பத்தொம்போது நாளு பழகிட்டேன் அண்ணே. இன்னும் ஆறு நாளு. இப்ப விட்டா கை மறந்துடும்" என்றான் குணா.

கேபினெட்டின் சிறு கதவைத் திறந்து டெஸ்ட் பட்டனை அழுத்தினேன். திரையில் சிப்கள் ஒவ்வொன்றும் அதனதன் எண்ணோடு வரிசையாக வந்தன. எல்லாவற்றுக்கும் நேராக 'குட்'. ஒரே ஒரு மெமரி சிப்புக்கு நேராக, சிவப்பில் 'பேட்'.

புதுச் சிப் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். குறைந்தது பதினைந்து நாள். சோதனைக்கு இருப்பதோ ஆறு நாள்.

2. தவுக்கே வாங்கிய பதினொன்று

செல்வராணி உள்ளே போய் ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்து வந்தார். வீட்டில் டிவியில் மாட்டி விளையாடும் கன்சோல். ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் வாங்கினாராம்.

"ஒரே கம்பெனி, ஒரே கேம், அங்கிள். இத உள்ள மாட்டிட்டா சாமாதானே, ரெண்டும் ஒண்ணுதானே?"

இதே கேள்வியை இருபது வருடங்களுக்கும் முன்பே என் முதலாளி கேட்டார், நாங்கள் தவுக்கே என்று கூப்பிடுபவர். அந்தக் கன்சோல் சந்தையில் தோற்று, கம்பெனியே தயாரிப்பை நிறுத்தியிருந்த நேரம். தவுக்கே மலிவாகப் பதினொன்று வாங்கி வந்து என் மேசையில் அடுக்கினார்.

"சாமி, எல்லாம் சாமா லா! உள்ள ஒரே மூளை. நீ கேபினெட்ல வை, போதும்."

மூளை ஒன்றுதான், அதில் அவர் சொன்னது சரி. அதே பிராசஸர், அதே கிராஃபிக்ஸ் சிப். ஆனால் மெயின் மெமரி கன்சோலில் 16 எம்பி, ஆர்கேட் போர்டில் 32. படத்துக்கான மெமரி இங்கே 8, அங்கே 16. சத்தத்துக்கு இங்கே 2, அங்கே 8. கன்சோல் கேமை டிஸ்க்கிலிருந்து படிக்கும். எங்கள் ஆர்கேட் கேமோ முழுவதும் சிப்களிலேயே எழுதப்பட்டிருக்கும். அதில் சுழல்வது விசிறி மட்டும்தான்.

இதெல்லாம் தெரிந்தும், முதலாளி சொல்கிறார் என்று மாட்டினேன்.

முதல் நாளே, மதியச் சாப்பாட்டு நேரத்தில் விளையாட வரும் வங்கிக் குமாஸ்தா ஒருவர் கத்தினார்: "அண்ணே, பாலத்து மேல நின்னு கை ஆட்டுற ஆளுங்க எங்க போனாங்க? பாதிப் பேரக் காணோமே!"

போய் எண்ணினேன். ஆர்கேட்டில் பதினான்கு பேர். கன்சோலில் ஆறு. பாதி மெமரிக்குள் அடக்க ஆட்களைக் குறைத்திருந்தார்கள். ஒரு ரேஸ் முடிந்து அடுத்தது வர இருபத்திரண்டு விநாடி. காத்திருக்கும் நேரத்தில் வாடிக்கையாளர்கள் கேபினெட்டை உதைத்தார்கள். ஒரே பிற்பகலில் ஒன்பது உதை. கேபினெட் சூட்டில் டிஸ்க் டிரைவ்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. ஐந்து வாரத்தில் ஏழு. "நீ சரியா மாட்டல லா" என்று தவுக்கே என்னைத்தான் திட்டினார்.

இதையெல்லாம் செல்வராணியிடம் சொன்னேன். "இந்தப் பெட்டிக்கு நம் ஸ்டீரிங் மோட்டாரோடு பேசவும் தெரியாது, அம்மா. குணா கைக்கு உதவாது."

குணா தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு முகம் கொடுக்க முடியாமல், வெள்ளைப் பெட்டியின் நான்கு திருகுகளைக் கழற்றி உள்ளே பார்த்தேன்.

மெயின் மெமரிக்கு இரண்டு சிப். ஒவ்வொன்றும் 8. ஆர்கேட் போர்டில் நான்கு, அவையும் ஒவ்வொன்றும் 8. செல்வராணியின் பூதக்கண்ணாடியை வாங்கி வைத்துப் பார்த்தேன். அதே அளவு, அதே வேகம், ஒரு பக்கத்துக்கு 43 கால், மொத்தம் 86. பெட்டி உதவாது, அதன் சிப் உதவும்.

"இதுலேர்ந்து எடுத்து அதுல வைக்கப் போறேன்" என்றேன்.

"கிட்னி மாத்துற மாதிரியா அண்ணே?" என்றான் குணா.

அவனோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த பார்வதி சிரித்தார். "எனக்குக் கிடைக்காதது மெஷினுக்குக் கிடைக்குது பாருங்க!"

3. எண்ணினேன், படிக்கவில்லை

மறுநாள் காலை சூடு கொடுக்க ஹாட் ஏர் கன், பற்றவைக்க ஃபிளக்ஸ், ஈயம் எல்லாம் கொண்டு போனேன். பதினேழு சாமான், இரண்டு முறை சரிபார்த்தேன். நோயாளிகள் படுக்கும் மேசையில் விரிப்பை எடுத்துவிட்டு போர்டை வைத்தேன்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். சிப்பின் பக்கத்தில் அச்சிட்ட எண் கடுகளவு இருக்கும் என்பதால் யாரும் அதைப் படிப்பதில்லை. கேபிள் மாட்டும் கனெக்டர் நம்மைப் பார்க்க போர்டை வைத்து, இடமிருந்து எண்ணுவோம். திரை காட்டிய சிப் என் பழைய நோட்டில் 'இடமிருந்து மூன்று' என்று இருந்தது. எண்ணினேன்: ஒன்று, இரண்டு, மூன்று. சூடு கொடுத்து எடுத்தேன். கன்சோல் சிப் ஒன்றை அந்த இடத்தில் வைத்து 86 காலையும் பற்றவைத்தேன். இரண்டே கால் மணி நேரம் ஆனது.

மாட்டி, டெஸ்ட் பட்டனை அழுத்தினேன்.

'பேட்.' அதே சிப், அதே சிவப்பு.

குணா வலது கையால் இடது கையைப் பிடித்தபடி திரையையே பார்த்தான். பற்றவைத்ததில் தவறா? கன்சோல் சிப்பும் கெட்டதா? போர்டையே எரித்துவிட்டேனா?

பார்வதிதான் கேட்டார்: "அண்ணே, நீங்க மாத்தினதும் அந்த செவப்புக்காரனும் ஒரே ஆளுதானா?"

கோபம் வந்தது. முப்பத்து நான்கு வருடம் பார்த்த வேலை! கோபத்தோடே பூதக்கண்ணாடியை எடுத்து, அச்சிட்ட எண்ணைப் படித்தேன். ஒரே ஆள் இல்லை.

கடை மேசையில் கனெக்டர் என்னைப் பார்க்கும். இங்கே ஜன்னல் வெளிச்சத்துக்காக போர்டைத் திருப்பி வைத்திருந்தேன். கனெக்டர் அந்தப் பக்கம். இடம் வலமாகிவிட்டது. நல்ல சிப்பை எடுத்துவிட்டு நல்ல சிப்பை வைத்திருக்கிறேன். கெட்டவன் பக்கத்து இடத்தில் பத்திரமாக இருந்தான்.

"தப்பு என்னுது" என்றேன். அதைச் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது. சொன்ன பிறகு மூச்சு சீரானது. பற்றவைத்ததில் குறையில்லை. கன்சோல் சிப்பும் நல்லது. அதன் எண்ணுக்கு நேராக 'குட்' இருந்தது. கன்சோலில் இன்னும் ஒன்று மீதி.

இம்முறை எண்ணை வாய்விட்டுப் படித்தேன். பார்வதியையும் படிக்கச் சொன்னேன். இரண்டும் ஒன்றாக இருந்த பிறகே சூடு கொடுத்தேன்.

எல்லாம் 'குட்'. மேலிருந்து கீழாக ஒரு முறை, கீழிருந்து மேலாக ஒரு முறை பார்த்தேன்.

குணா உட்கார்ந்தான். ஒன்று, இரண்டு, மூன்றாவது வளைவு. மெஷின் நிற்கவில்லை. ஸ்டீரிங் திமிறியது, இடது கை விடவில்லை. பாலத்தின் மேல் பதினான்கு பேரும் கை ஆட்டினார்கள்.

"டேய், ஓடுதுடா!" என்று கத்தினான். யாரைச் சொன்னானோ, மெஷினையோ கையையோ தெரியாது. நான் மேசையோரம் உட்கார்ந்துவிட்டேன்.

4. விளக்குகள்

புதன்கிழமை குணா தேறினான். அடுத்த டயாலிசிஸ் நாளில் பார்வதியை அவனே ஈப்போவுக்கு ஓட்டிக்கொண்டு போனான். அன்று செல்வராணியின் மெஷினைத் துடைத்துக் கொடுக்கப் போயிருந்த என்னையும் வீட்டில் இறக்கிவிடுவதாகச் சொன்னான். பயந்துகொண்டேதான் ஏறினேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லச் சில விஷயங்கள் உண்டு. இரண்டு போர்டுக்கு ஒரே மூளை இருந்தால் இரண்டும் ஒன்று என்று நினைக்காதீர்கள். ஆனால் தோற்ற பெட்டியைத் திறந்து பார்க்காமல் தூக்கியும் போடாதீர்கள். ஒரு சிப்பை எடுப்பதற்கு முன் எண்ணாதீர்கள், அதன் எண்ணைப் படியுங்கள். உங்கள் வழக்கம் உங்கள் மேசையில் மட்டும்தான் சரி.

ஈப்போவுக்குள் நுழையும்போது, "குணா, முன்னால சிவப்பு" என்றேன்.

"பாத்துட்டேன் அண்ணே. நான் லைட்டப் பாத்து நிறுத்துற ஆளு, எண்ணி நிறுத்துற ஆளு இல்ல."

பின்சீட்டில் பார்வதி விழுந்து விழுந்து சிரித்தார்.

என் வீடுவரை எட்டு விளக்குகள். ஐந்து சிவப்பு. ஐந்திலும் கோட்டுக்கு முன்னாலேயே நிறுத்தினான்.